ஈர நகங்களும் அழுகைக் கதைகளும்: ஒரு வெறுப்பின் வரலாற்றுக்கான குறிப்புகள்

1

சிறுபத்திரிகை வாசகருக்கு விருத்தாசலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஊரல்ல, ஆள்: சொ. விருத்தாசலம் என்கிற புதுமைப்பித்தன். அடுத்து இமையம். பக்தர்களுக்குப் பழமலைநாதர் கோயில். ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு ஜங்ஷன். நான் பேசப்போவது வேறொரு விருத்தாசலத்தைப் பற்றி. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரியோடு வெளிப்படும் களிமண்ணும், பீங்கான் தொழிற்பேட்டையும், அதற்கென்றே ஒரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும், மின்கம்பத்து இன்சுலேட்டரும் ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும் வெந்து வெளிவருகிற சூளைகளுமாக இருக்கிற ஊர் அது.

பொம்மை செய்வது எப்படியென்று இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். களியைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, உள்சுவரில் ஒரு தோல் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, காய்ந்ததும் அச்சைப் பிரித்தால் பொம்மை. அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அதைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். சூளையிலிருந்து வந்தபின் கண்ணும் உதடும் எழுத வேண்டும். இந்தத் துடைப்பும் எழுத்தும் பெரும்பாலும் பெண்களின் வேலை. என் அம்மா பதினேழு வருஷம் அதைச் செய்தாள்.

சனிக்கிழமை கூலி நாள். அன்று ராத்திரி சோறாக்கி, பாத்திரம் கழுவி முடித்தபின் அம்மா இரண்டு சாமான்களை எடுப்பாள். ஒன்று, பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குகிற மாதநாவல்: லட்சுமி, ரமணிசந்திரன், அனுராதா ரமணன், யார் கிடைத்தாலும் சரி. மற்றது, ஒரு சின்னப் புட்டி நகப்பாலீஷ். வாரம் முழுக்க களி உறிஞ்சி வெளுத்துப்போன விரல்களில் ஒவ்வொன்றாக அடித்து, இரண்டு கையையும் விரித்து முழங்காலில் வைத்துக்கொள்வாள். நான்தான் பக்கம் புரட்ட வேண்டும். எனக்குப் பதின்மூன்று பதினாலு வயசு. அவள் படிக்கும் வேகத்துக்கு நானும் படித்துவிடுவேன். ரெண்டு பேரும் ஒரே பக்கத்தில் அழுவோம்.

பிறகு நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். இயக்கத் தோழர்களின் பழக்கம் வந்தது. 'நச்சு இலக்கியம்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டேன். ஒரு விடுமுறையில் அம்மாவின் நாவல் கட்டை எடைக்குப் போட்டு, வந்த காசில் ஒரு விமர்சன நூல் வாங்கினேன். அம்மா திட்டவில்லை. "அதுல ஒண்ணு கடைசிப் பத்துப் பக்கம் பாக்கி இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

இந்தக் கட்டுரை அந்தப் பத்துப் பக்கத்தைப் பற்றியது. நான் அன்று செய்ததை என் தனிப்பட்ட திமிர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது.

2

தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை அதற்குப் பத்தாண்டு முன்பே பெண்கல்விக்காக 'பெண்மதி மாலை' எழுதியவர். பெண் படிக்க வேண்டும் என்பதில் சீர்திருத்தக்காரர்களுக்குச் சந்தேகமில்லை. 'எதை' என்பதில்தான் தகராறு. கணக்கெழுத, கடிதமெழுத, பிள்ளை வளர்க்க, புருஷனுக்கு ஏற்ற துணையாக இருக்கப் படிக்கலாம். அவள் தனக்காக, தனியாக, வாய்விடாமல் படிக்க ஆரம்பித்ததும் பயம் பிடித்துக்கொள்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002) காட்டுகிற முக்கியமான விஷயம் இது: நாவலோடு சேர்ந்து வந்தது ஒரு புதிய இலக்கிய வகை மட்டுமல்ல, மௌன வாசிப்பு என்ற புதிய பழக்கமும்கூட. ஒருவர் வாசிக்க ஊரே கேட்ட காலத்தில் பிரதிக்குக் காவல் இருந்தது. மௌனமாகப் படிக்கிறவள் மனசுக்குள் என்ன நடக்கிறதென்று யார் பார்ப்பது?

வை. மு. கோதைநாயகி (1901–1960) 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். நூற்றுப்பதினைந்து நாவல்கள் எழுதினார். தொடக்கத்தில் தானே எழுதப் பழகாமல், சொல்லச் சொல்லத் தோழியொருவர் எழுதினார் என்பார்கள். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். நம் இலக்கிய வரலாறுகளில் இவருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு? 'ஏராளமாக எழுதியவர்' என்று ஒரு வரி. எண்ணிக்கையே குற்றச்சாட்டாக மாறிவிட்டது. மருத்துவ மாணவியாக இருந்தபோதே எழுத வந்த லட்சுமிக்கு 1984இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தபிறகும் 'குடும்பக்கதை' என்ற முத்திரை போகவில்லை.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் விஷயத்துக்கு வருவோம். தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய அவர் 1936இல் வெளியிட்டது கட்டுரைத் தொகுப்பல்ல, நாவல்: 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. அந்த 'அல்லது' போட்ட தலைப்பே, அன்று படித்தவர்கள் முகஞ்சுளித்த வெகுஜன நாவல்களின் வழக்கம். மோசடி, திருப்பம், கண்ணீர் எல்லாம் இருக்கிற அந்த வடிவத்தை ஒரு சுயமரியாதைக்காரர் கையில் எடுத்தார். தன் வாசகிகள் எங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய அரசியலை மேற்கோள் காட்டுகிற நாம் அவர் தேர்ந்தெடுத்த வடிவத்தைக் கண்டுகொள்வதில்லை.

3

இனி அந்தப் புட்டி.

நகப்பாலீஷின் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சோ மரக்கூழோ அமிலத்தில் பட்டு உருமாறியது. அதை ஆவியாகும் கரைப்பானில் கரைத்து நிறம் சேர்க்கிறார்கள். கரைப்பான் ஆவியாகிப் போக, ஒரு மெல்லிய தோல் மட்டும் நகத்தில் தங்குகிறது. (அச்சில் படிகிற களித்தோலை நினைத்துக்கொள்ளுங்கள்.) 1920களில் மோட்டார் காருக்கு அடித்த பளபளப்பு வர்ணமும் இதே சரக்குதான். அமெரிக்காவில் 'கியூடெக்ஸ்' திரவப் பாலீஷை விற்க ஆரம்பித்தது 1917இல். இந்தியாவில் டாடா நிறுவனம் 'லக்மே'யைத் தொடங்கியது 1952இல். அழகுசாதன இறக்குமதிக்காக வெளியே போகிற அந்நியச் செலாவணியைப் பற்றிய நேரு காலத்துக் கவலை அதற்குப் பின்னணி. தேச நிர்மாணத்தில் அணைக்கட்டுக்கு மட்டுமல்ல, உதட்டுச்சாயத்துக்கும் ஒரு மூலை இருந்தது.

நம் மரபில் மருதாணி உண்டு, செம்பஞ்சுக் குழம்பு உண்டு. ஆனால் மருதாணிக்கு நாள், விசேஷம், சடங்கு என்று ஒரு சமூக அனுமதி வேண்டும். பாலீஷுக்கு எந்தப் பண்டிகையும் வேண்டாம்.

பெரியார் பெண்ணின் அலங்காரத்தைக் கடுமையாகச் சாடினார். நகை மாட்டும் ஸ்டாண்டாக, பொம்மையாகப் பெண்ணை வைத்திருப்பதைக் கேள்வி கேட்டார். அந்த விமர்சனத்தின் கூர்மை இன்றைக்கும் மழுங்கவில்லை. ஆனால் அது எதைக் குறிவைக்கிறது என்று பார்க்க வேண்டும். நகை என்பது குடும்பத்தின் அந்தஸ்து, புருஷன் அடகு வைக்கக்கூடிய சொத்து, வரதட்சணையின் எடை. அம்மாவின் தோடு வருஷத்தில் எட்டு மாசம் சேட்டுக்கடையில் இருக்கும். அவள் நகத்தில் இருந்த சிவப்பை யாராலும் அடகு வைக்க முடியவில்லை. தங்கத்துக்குச் சொன்ன விமர்சனத்தை அப்படியே தூக்கி இந்தப் புட்டியின்மேல் வைக்கும்போது, நாம் செய்வது பகுத்தறிவு வேலையா, பழைய ஒழுக்கக் காவலா?

இதைவிட முக்கியமான ஓர் ஆவணம் இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931இல் அது பதினொன்றாயிற்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை அணியக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. இரண்டாவது பட்டியலில்: பிள்ளைகள் எழுத்தறிவு பெறக்கூடாது.

இந்தப் பட்டியலை மெதுவாகப் படியுங்கள். நாம் தனித்தனியாக வைத்திருக்கிற இரண்டையும், அதாவது அலங்காரத்தையும் படிப்பையும், தடைபோட்டவர்கள் ஒன்றாகவே பார்த்தார்கள். ஒரு பெண் தன்மேல் நிறம் பூசிக்கொள்வதும், அவள் பிள்ளை எழுத்துக்கூட்டுவதும் ஒரே ஆபத்தாக அவர்களுக்குத் தெரிந்தது. 'அலங்காரத்தைத் துற' என்ற அறிவுரை, அலங்காரம் கைவசம் இருந்தவர்களுக்குத்தான் பொருந்தும். தடுக்கப்பட்டிருந்தவர்களுக்கு அணிவதுதான் கோரிக்கை. மண்ணைத் தவிர வேறெதையும் தொடாதே என்று சொல்லப்பட்டவர்களின் பேத்திகள் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பகல் முழுக்க மண்ணைத்தான் தொடுகிறார்கள். சாயங்காலம் அந்த விரலில் சிவப்பு அடித்தால், அதை 'நுகர்வு மோகம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியுமா?

4

எங்கள் கிளை நூலகத்தில் அன்று இரண்டு அலமாரிகள் இருந்தன: சிறுவர், பெரியவர். நடுவில் ஒன்றுமில்லை. ஆங்கிலப் பதிப்பகங்கள் இந்த நடுவயதுக்கு 'யங் அடல்ட்' என்று தனிச் சந்தையே உண்டாக்கிவிட்டன. அந்த வகையின் முன்னோடியாகச் சொல்லப்படும் 'தி அவுட்சைடர்ஸ்' (1967) வெளிவந்தபோது அதை எழுதிய எஸ். ஈ. ஹின்டனுக்கு வயது பதினெட்டு. தமிழில் அம்புலிமாமாவிலிருந்து இறங்கிய பெண்பிள்ளை நேரே அம்மாவின் மாதநாவலில் ஏறினாள்.

பையன்களுக்கு, குறிப்பாக இயக்கக் குடும்பத்துப் பையன்களுக்கு, வேறொரு வழி இருந்தது: சோவியத் மொழிபெயர்ப்புகள். ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்', 'ஜமீலா', தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்'. எனக்கும் இவை பிடிக்கும், இன்றும் எடுத்தால் அழுவேன். ஆனால் கேட்கிறேன்: அல்தினாய் என்ற அநாதைப் பெண்பிள்ளை தன் ஆசிரியரை விட்டு ரயிலேறுகிற இடத்தில் தோழர்கள் விட்ட கண்ணீர் வர்க்க உணர்வு, லட்சுமியின் கதாநாயகி வேலைக்குக் கிளம்புகிற இடத்தில் என் அம்மா விட்டது மட்டும் நச்சா? பிரதிகளின் தரத்தில் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. கண்ணீரிலும் வித்தியாசம் உண்டு என்று யார் அளந்தது?

ராத்திரியைப் பற்றி ழாக் ரான்சியர் 1981இல் ஒரு புத்தகமே எழுதினார். 1830களின் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தூக்கத்தைத் திருடிக் கவிதை எழுதினார்கள், தத்துவம் படித்தார்கள். பகலில் உழைக்கிறவன் ராத்திரி தூங்கி மறுநாளுக்குத் தயாராக வேண்டும் என்ற கால ஒழுங்கை அவர்கள் உடைத்தார்கள் என்கிறார். ஜானிஸ் ராட்வே 1984இல் அமெரிக்க இல்லத்தரசிகளிடம் காதல் நாவல் படிப்பதைப் பற்றிக் கேட்டபோது, கதையைப் போலவே படிக்கும் நேரமும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது தெரிந்தது. 'இப்போது என்னைக் கூப்பிடாதே' என்று வீட்டுக்குச் சொல்வதற்கு அது வழி.

அம்மாவின் சனிக்கிழமைக்கு இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பாலீஷ் காய்கிறவரை அந்தக் கையால் ஒன்றும் செய்ய முடியாது. துணி துவைக்க முடியாது, பிள்ளையைத் தூக்க முடியாது, அப்பாவுக்குத் தண்ணீர் மோந்து தர முடியாது. "நகம் ஈரமா இருக்கு" என்பது எங்கள் வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத ஒரு காரணம். உழைப்பிலிருந்து கையை விலக்கிக்கொள்வதைத்தானே நாம் வேலைநிறுத்தம் என்கிறோம்? பெரிய வார்த்தை என்று சிரிக்கலாம். பத்து நிமிஷ வேலைநிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம்.

5

எதிர்வாதம் எனக்குத் தெரியாமலில்லை. அந்த நாவல்களில் பணக்காரக் கதாநாயகனும் சிவந்த கதாநாயகியும் சாதியே இல்லாத ஒரு தமிழ்நாடும் இருக்கின்றன. கடைசியில் பெண் பணிந்து போகிறாள். அம்மாவிடம் ஒருதரம் கேட்டேன். "அது கதைக்காரி இஷ்டம். நான் அழுவறது என் இஷ்டம்" என்றாள். பிரதியின் முடிவும் வாசகியின் முடிவும் ஒன்றல்ல என்று நாம் பார்த்தை மேற்கோள் காட்டிப் பத்துப் பக்கம் எழுதுகிறோம்.

பாலீஷில் ரசாயனம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, சிவப்புத்தோல் விளம்பரம் இருக்கிறது. அதுவும் சரி. ஆனால் 1917 முதல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கடிகார முகப்புக்கு ரேடியம் வர்ணம் தீட்டிய பெண்களை நினைவுபடுத்திக்கொள்வோம். ஆபத்தில்லை என்று சொல்லப்பட்டதால் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். சிலர் நடனத்துக்குப் போகும்போது இருட்டில் மின்னட்டும் என்று அதை நகத்திலும் பூசிக்கொண்டார்கள். தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். 1927இல் ஐந்து பேர் வழக்காட, மறுவருஷம் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. நகத்தில் பூசிக்கொண்ட ஆசையா அவர்களைக் கொன்றது? உண்மையை மறைத்த முதலாளிகள் கொன்றார்கள். எங்கள் பட்டறைகளின் தூசியைப் பற்றியும் வர்ணத்தைப் பற்றியும் கேட்காத நாம், அந்தப் பெண்களின் நகத்தைப் பற்றி மட்டும் கேட்பது எந்த அரசியல்?

நான் இன்றும் இளையோர் நாவல்கள் படிக்கிறேன், அழுகிறேன். புதுப்புது நிறம் வாங்கி அடித்துப் பார்க்கிறேன். கூட்டங்களுக்குப் போகும்போது ரொம்ப நாள் அதைச் சுரண்டிவிட்டுத்தான் போனேன், அச்சுத் தழும்பைச் சுரண்டுகிற மாதிரி. இப்போது செய்வதில்லை.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகை நூலகங்களின் பேரேடுகள், மாதநாவல் ஓரங்களில் பெண்கள் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகள், கடிதங்கள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நம் வாசிப்பு வரலாற்றில் பாதி அங்கேதான் இருக்கிறது. கிடைப்பதைச் சேகரிப்போம், எழுதுவோம், சண்டை போடுவோம். அம்மாவுக்கு அந்த நாவலின் பேர் இப்போது ஞாபகமில்லை. கதாநாயகி டைப்ரைட்டிங் படித்தவள், தங்கச்சிக்குக் கால் ஊனம் என்கிறாள். யாரிடமாவது இருந்தால் கடைசிப் பத்துப் பக்கம் போதும்.