வினாவும் வகைப்பாடும்: மலாயாக் கணக்கெடுப்புகள் உணர்த்துவன

கணக்கெடுப்பு வினாவின் தரத்தை அதன் சொல்லமைப்பைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. பெறப்பட்ட விடை எத்தலைப்பின்கீழ்ச் சேர்க்கப்படுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். மலாயாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

1891ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றக் கணக்கெடுப்பில் தமிழர், வங்காளியர், பர்மியர், பார்சியர் ஆகியோர் ஒரே தலைப்பில் அடக்கப்பட்டனர். மொழி, நாடு, சமயம் என்னும் வெவ்வேறு அளவுகோல்கள் இங்குக் கலந்துவிட்டன. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்திய விலிலேண்ட், 'இனம்' என்னும் சொல் பல கூறுகளின் கலவையாகவே ஆளப்படுவதை ஒப்புக்கொண்டார்.

பின்னரும் இச்சிக்கல் நீங்கவில்லை. 1957இல் இலங்கைத் தமிழர் 'ஏனையோர்' பிரிவில் இடம்பெற்றனர்; 1980இல் 'இந்தியர்' பிரிவில் இடம்பெற்றனர். ஜொகூர், தம்போயில் இவ்விரு காலத்திலும் வாழ்ந்த யாழ்ப்பாண வழிக் குடும்பம் ஒன்றைக் கருதுக. அவர்தம் விடை மாறவில்லை, வீட்டுமொழியும் மாறவில்லை. ஆயினும், அட்டவணையில் அவர்கள் இடம் மாறினர். இத்தகைய மாற்றங்களைச் சார்ல்ஸ் ஹிர்ஷ்மன் 1987இல் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

எனவே, 'இந்தியர்' தொகையின் ஏற்ற இறக்கத்தை வரலாற்றுச் சான்றாகக் காட்டுவோர், அவ்வத் தலைப்பின் உள்ளடக்கத்தை முதற்கண் ஒப்பிட வேண்டும். இன்றேல், வகைப்பாட்டின் மாற்றத்தையே மக்களின் மாற்றமாகக் கொள்ளும் பிழை நேரும். மாணவரைக் கொண்டு வட்டார ஆய்வு நிகழ்த்தும் தமிழாசிரியர்களும் இதனைக் கருத்திற்கொள்ளல் நன்று. வீட்டுமொழி, முன்னோர் ஊர், சமயம் ஆகியவற்றைத் தனித்தனி வினாக்களாக அமைத்தலே முறையாகும். தனித்துப் பெற்ற விடைகளைப் பின்னர் இணைக்கலாம்; கலந்து பெற்ற விடையைப் பின்னர்ப் பிரித்தல் அரிது.