கல்லாப்பெட்டியா, மருந்து ஜன்னலா?



போதைப் பழக்கத்திலிருந்து மனிதனை மீட்பது எப்படி என்பது இன்றைய தலைப்பு. மருந்தைப் பற்றி மருத்துவ நண்பர் சொல்வார். எனக்குக் கொடுக்கப்பட்ட பங்கு சரித்திரம். நான் கோலா கங்சார்க்காரன். ஆகவே எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

கோலா கங்சார் மாவட்ட நில அலுவலகத்தின் பக்கத்தில், வேலி கட்டிய ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ இங்கே நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது அது ஒன்றுதான். சுற்றுப்பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று நினைவுக்கு வரும். பால்மரம் பெருகியது, மரம் சீவ நம் முன்னோர் வந்தார்கள். அவர்கள் இருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடையும் வந்தது. மரத்துக்கு வேலி கட்டிக் காப்பாற்றிவிட்டோம். கள்ளுக்கடைக் கதையை மட்டும் மறந்துவிட்டோம்.

அபினும் அரசாங்கமும்

கள்ளுக்கு முன்னால் அபினைச் சொல்ல வேண்டும். பேராவில் ஈயம் தோண்ட வந்த சீனத் தொழிலாளர்களுக்கு அபின்தான் உடல்வலிக்கு மருந்து, தனிமைக்குத் துணை. அதை விற்கும் உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. நீரிணைக் குடியேற்றங்களான சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி, 1900ஆம் ஆண்டையொட்டி, அபினிலிருந்துதான் வந்தது. எத்தனை சாலை, எத்தனை பாலம் அந்தப் புகையில் கட்டப்பட்டன என்று யோசித்துப் பாருங்கள்.

இதை எதிர்த்த முதல் பெரிய குரல்களில் ஒன்று நம் ஈப்போவில் எழுந்தது. பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த டாக்டர் வூ லியன் தே, 1906 மார்ச் மாதம் ஈப்போவில் அபின் எதிர்ப்பு மாநாட்டை நடத்தினார். பின்னாளில் மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கி உலகப் புகழ் பெற்ற அதே மருத்துவர்தான். அபினை எதிர்த்தவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? தம் மருந்தகத்தில் சிறிதளவு அபின் கரைசல் வைத்திருந்தார் என்று மறு ஆண்டே அவர்மேல் வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். டன் கணக்கில் விற்றவர்களுக்குக் குத்தகைச் சீட்டு, ஒரு புட்டி வைத்திருந்த மருத்துவருக்கு அபராதம்!

அதே காலத்தில் மலாயாக் காட்டில் வளரும் ஒரு கொடி அபின் பழக்கத்தை நிறுத்தும் என்று செய்தி பரவியது. கோலாலம்பூரில் அதன் இலையைக் காய்ச்சி இலவசமாகக் கொடுத்தார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து வாங்கினார்கள். கொடுத்த முறையைக் கேளுங்கள். ஓர் ஆளுக்கு இரண்டு புட்டி. ஒன்றில் வெறும் கஷாயம். மற்றொன்றில் அவர் வழக்கமாகப் புகைக்கும் அளவு அபின் கலந்த கஷாயம். அபின் புட்டியிலிருந்து ஒரு வேளை குடித்தால், குறைந்த அளவை வெறும் கஷாயத்தால் நிரப்பிவிட வேண்டும். இப்படியே நாள் போகப் போக அபின் குறைந்துகொண்டே வரும். கடைசியில் மிஞ்சுவது வெறும் இலைத் தண்ணீர்.

அந்தக் கொடிக்கு விசேஷ சக்தி எதுவும் இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு புட்டி முறையில் ஓர் அறிவு இருந்தது. அடிமைப்பட்ட உடம்பை ஒரே நாளில் வெட்டி எடுக்க முடியாது, படிப்படியாக இறக்க வேண்டும் என்ற அறிவு அது.

அரசாங்கம் என்ன செய்தது? 1910 வாக்கில் குத்தகைக்காரர்களை விலக்கிவிட்டு அபின் வியாபாரத்தைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டது. மெல்ல மெல்லக் குறைப்போம் என்றது. மெல்ல என்பது முப்பது ஆண்டுக்கு மேல் நீண்டது. ஜப்பான்காரன் வந்து ஆட்சி மாறிய பிறகு, 1943இல்தான், திரும்பி வந்ததும் அபினை முற்றாகத் தடை செய்வோம் என்று பிரிட்டன் அறிவித்தது.

கள்ளுக்கடை நியாயம்

இப்போது நம் கதைக்கு வருவோம். விடியற்காலையில் பெரட்டு, அதன் பிறகு மரம் வெட்டு, பால் எடுப்பு, நிறுவை. மதியத்துக்கு மேல் வேலை முடியும். முடிந்த இடத்தில் கள்ளுக்கடை திறந்திருக்கும். பள்ளிக்கூடம் தூரம், ஆஸ்பத்திரி தூரம், கள்ளுக்கடை மட்டும் கிட்டத்தில். சம்பளத்தில் ஒரு பகுதி அப்படியே அங்கே போனது.

மூடுங்கள் என்று கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில்தான் முக்கியம். கள்ளை நிறுத்தினால் தொழிலாளி திருட்டுச் சம்சு குடிப்பான், அதைவிட மேற்பார்வையில் விற்கும் சுத்தமான கள் நல்லது என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பெரிய தீங்குக்குப் பதிலாகச் சிறிய தீங்கு என்பதுதானே இன்று மருத்துவர்களும் சொல்வது? அப்படியானால் வித்தியாசம் எங்கே?

வித்தியாசம் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. கொடுப்பவருக்கு, வாங்குபவன் அளவைக் குறைத்தால் மகிழ்ச்சியா, கூட்டினால் மகிழ்ச்சியா? இதுதான் நான் இன்று உங்கள் முன் வைக்க வந்த ஒரே கேள்வி. கள்ளுக்கடையில் கூட்டினால்தான் லாபம். அங்கே தீங்கைக் குறைக்கிறோம் என்பது வெறும் பேச்சு.

நம் மக்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில், சம்பளம், மருத்துவம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றோடு கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. துரை முன்னால் சைக்கிளில் ஏறிப் போகும் உரிமையைக்கூடப் போராடிக் கேட்ட காலம் அது. பட்டாளத்தை வைத்து அடக்கினார்கள், தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். போருக்குப் பிறகு, 1947இல் கெடா ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. படையினர் கள்ளுக்கடைக்குப் போகும் வழியை மறித்தார்கள். பீடோங்கில் போலீசாரோடு ஏற்பட்ட மோதலில் ஒரு தொழிலாளி உயிரைவிட்டார். குடிக்காதே என்று சொன்னதற்காக உயிர் கொடுத்தவர்கள் நம் இனத்தில் உண்டு நேயர்களே. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

தண்டனையும் ஊசியும்

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, செம்பனைக்கு மாறின. நம்மவர்கள் பட்டணத்துப் புறம்போக்குகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் பெயர்ந்தார்கள். அங்கே சம்சுவோடு ஹெராயினும் காத்திருந்தது. 1983இல் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தது. அதே ஆண்டுச் சட்டப்படி, பழக்கத்துக்கு ஆளானவரை இரண்டு ஆண்டுவரை கட்டாய மறுவாழ்வு நிலையத்தில் வைக்கலாம். உள்ளே ஒழுங்கு இருந்தது, உடற்பயிற்சி இருந்தது. வெளியே வந்த பலர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

இதற்கிடையில் 1986இல் நாட்டில் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததில் அது காட்டுத்தீயாகப் பரவியது. 2002ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர் புதிதாகப் பதிவானார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அவர்களுடைய மனைவியருக்கும் தொற்று போனது. போதையே தொடாத பெண்கள் அவர்கள்.

அப்போதுதான் அரசாங்கம் வேறு வழியைப் பார்த்தது. டாக்டர் சுவா சொய் லெக் சுகாதார அமைச்சராக இருந்த 2005இல் மெத்தடோன் சிகிச்சை சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 2006இல் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தது. எதிர்ப்புக்குக் குறைவில்லை. ஒரு போதைக்கு இன்னொரு போதையா, அரசாங்கமே ஊசி கொடுப்பதா என்று கேட்டார்கள்.

மெத்தடோன் எப்படி வேலை செய்கிறது? ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மறுபடி தேடி ஓட வேண்டும். அதற்குக் காசு வேண்டும், காசுக்குத் திருட்டு. மெத்தடோனும் அபின் இனத்து மருந்துதான். ஆனால் வாயால் குடிப்பது, ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் தாங்கும். காலையில் மருந்து ஜன்னலில் வரிசையில் நின்று, மருந்தாளர் கண் எதிரே குடித்துவிட்டு, வேலைக்குப் போகலாம். ஊசி இல்லை, பகிர்வதும் இல்லை. கொடுப்பவருக்கு இதில் கல்லாப்பெட்டி கிடையாது. அளவைத் தீர்மானிப்பது மருத்துவர். பழைய இரண்டு புட்டி முறையின் அறிவு, ஒரு நூற்றாண்டு சுற்றி, மருத்துவமனை ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது.

மருத்துவமனையோடு நிற்கவில்லை. கிளினிக்குகளுக்குப் போனது, சிறைகளுக்குப் போனது. 2010இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். எதிர்த்த சமயவாதிகள் இருந்த நாட்டில், பள்ளிவாசலே கதவைத் திறந்தது பெரிய செய்தி அல்லவா? பலன் என்ன? ஒரு காலத்தில் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் பெரும்பகுதி ஊசியால் வந்தது. 2018க்குள் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

நம் வீட்டுக் கதை

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். ஹெராயினுக்கு வரிசையும் ஜன்னலும் வந்துவிட்டது. நம் லயத்தை அழித்த குடிக்கு?

என் சித்தப்பா மரம் வெட்டியவர். தினமும் சம்சு. ஒரு தைப்பூசத்துக்கு மாலை போட்டு, இனித் தொட மாட்டேன் என்று ஒரே நாளில் நிறுத்தினார். வீடே மகிழ்ந்தது. இரண்டாம் நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார், வலிப்பு வந்தது. பேய் என்று நினைத்துப் பூசாரியைக் கூப்பிட்டோம். நல்லவேளை, பக்கத்து வீட்டு அண்ணன் வாடகைக்கார் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிர் பிழைத்தது. ஆனால் அதன் பிறகு என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டே வாரத்தில் மறுபடி குடித்தார். ஐம்பது வயதைத் தாண்டவில்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஹெராயினைத் திடீரென நிறுத்தினால் உடம்பு படாத பாடு படும், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. நாள்பட்ட பெருங்குடியைத் திடீரென நிறுத்தினால் உயிரே போகலாம். ஆகவே அறையில் பூட்டுவதும், சத்தியம் வாங்குவதும், மாலை போடுவதும் மட்டும் போதாது. முதல் சில நாள் மருத்துவர் கண்காணிப்பில் மருந்தோடு நிறுத்த வேண்டும்.

வழியே இல்லையா? இருக்கிறது. சென்னையில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் டி.டி. ரங்கநாதன் பெயரில் அறக்கட்டளை தொடங்கிக் குடிநோய்க்கு மருத்துவமனை நடத்தினார். குடிப்பவரோடு மனைவிக்கும் அங்கே ஆலோசனை உண்டு. 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் போட்டார்கள். ஊர் கூடி நின்று தன் மனிதர்களைத் தேற்றியது. பேராவில் நமக்கு அப்படிச் செய்யக் கோயில் மண்டபம் இல்லையா, தமிழ்ப்பள்ளி இல்லையா?

நம்மைத் தடுப்பது வெட்கம். 1911இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரையே நாம் வசவாக்கிவிட்டோம். அங்கே போனால் பைத்தியம் என்பார்களே என்று அஞ்சி, வீட்டுக்குள்ளேயே ஆளைச் சாகவிடுகிறோம். 2018இல் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் செத்தார்களே, அவர்களும் யாரோ ஒருவரின் சித்தப்பாதான்.

எனவே நேயர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் நிறுத்துகிறேன் என்று சொன்னால், அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். எவ்வளவு குடிப்பார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உயிர் பிழைத்ததும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாமல், அடுத்து என்ன என்று கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது.