ஆடைத் தொழிலாளர் உரிமை வரலாறு: நியூயார்க் முதல் திண்டுக்கல் வரை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. அவ்வாடையைத் தைக்கும் ஆளைப் பற்றி அப்பழமொழி ஒன்றும் கூறவில்லை. நம் குடும்பங்களிலிருந்து பெண்மக்கள் பலர் நூற்பாலைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். ஆகவே அத்தொழிலில் உரிமைகள் எவ்வாறு கிடைத்தன என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

முதற்கண் இத்தொழிலின் அமைப்பை விளங்கிக்கொள்வோம். சட்டையின் கழுத்துப் பட்டையில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ, அந்நிறுவனத்திற்குப் பெரும்பாலும் சொந்தமாக ஒரு தையல் இயந்திரங்கூட இராது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்துகொண்டு, ஆசிய நாடுகளின் ஆலை முதலாளிகளிடம் விலை பேசி அது ஆர்டர் கொடுக்கும். குறைந்த விலைக்கு இசைபவருக்கே ஆர்டர் கிடைக்கும். அக்குறைவு இறுதியில் தைப்பவளின் கூலியிலும், கட்டடத்தின் உறுதியிலும், தீத்தடுப்புச் செலவிலும் பிடிக்கப்படும். விபத்து நேர்ந்தாலோ, ஆலை எங்களுடையதன்று என்பார் வாங்குபவர். கொடுத்த விலை போதவில்லை என்பார் ஆலை முதலாளி. இவ்விருவரையும் பொறுப்பேற்கச் செய்தது எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பூட்டிய கதவு

நூறாண்டுகளுக்கு முன் ஆடைத் தொழிலின் பெருநகரமாக விளங்கியது நியூயார்க். யூதக் குடும்பங்களிலிருந்தும் இத்தாலியக் குடும்பங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த இளம் பெண்களே அங்கு தையல் வேலை செய்தனர். 1909 நவம்பரில் ஏறத்தாழ 20,000 பேர் கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பல முதலாளிகள் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையின் முதலாளிகள் சங்கத்தை ஏற்க மறுத்துவிட்டனர்.

1911 மார்ச் 25 அன்று அத்தொழிற்சாலையில் தீப்பற்றியது. தொழிற்சாலை இருந்ததோ கட்டடத்தின் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகளில். ஒன்பதாம் மாடியில் வெளியேறும் கதவுகளில் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடி வரையே எட்டியது. 146 பேர் மாண்டனர். சன்னல்களிலிருந்து பெண்கள் குதித்து மடிந்ததை வீதியில் நின்று கண்டவர்களுள் ஒருவர் பிரான்சிசு பெர்கின்சு என்னும் அம்மையார். பின்னாளில், 1933இல், அவர் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே.

வழக்கில் முதலாளிகள் விடுதலை பெற்றனர். ஆயினும் மக்களின் சீற்றமும் சங்கத்தின் வலிமையும் வீண்போகவில்லை. நியூயார்க் மாநிலம் ஆலை விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் பரிந்துரையால் முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் நிறைவேறின. பின்னர்ச் சங்கங்கள் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தன. ஆலைக் குத்தகைதாரரோடு நில்லாமல், துணியைக் கொடுத்துத் தைத்து வாங்கும் பெருவணிகரையும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடச் செய்தன. குத்தகைதாரர் கூலி குறைத்தால் வாங்குபவரும் பொறுப்பு என்னும் நெறி அவ்வாறு பிறந்தது.

சாவாரில் சரிந்த கட்டடம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தையல் வேலை கடல் கடந்து ஆசியாவிற்கு வந்தது. பழைய ஒப்பந்தங்கள் உடன் வரவில்லை. அவற்றுக்கு மாறாக நிறுவனங்கள் தாமே எழுதிய நன்னடத்தை விதிகளும், தனியார் தணிக்கையாளர் வழங்கும் சான்றிதழ்களும் வந்தன. அச்சான்றிதழ்களின் மதிப்பு யாதென்பதைக் கராச்சி நகரம் காட்டியது. அங்கோர் ஆடை ஆலைக்கு 2012 ஆகத்தில் பன்னாட்டுத் தரச்சான்று வழங்கப்பட்டது. அடுத்த மாதம், செப்டம்பர் 11 அன்று, அவ்வாலை தீக்கிரையாகி 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வங்காள தேசத்தின் தலைநகர் டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. அதில் ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களிலும் தூண்களிலும் பிளவுகள் காணப்பட்டன. கீழ்த்தளத்துக் கடைகளும் வங்கியும் மூடப்பட்டன. வங்கி ஊழியர் வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். ஆடைத் தொழிலாளரோ மறுநாள் காலையில் வேலைக்கு வராவிடில் கூலி கிடையாது என அச்சுறுத்தப்பட்டனர். ஏப்ரல் 24 காலை மின்சாரம் நின்றது, மாடிகளில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, கட்டடம் சரிந்தது. 1,134 பேர் மாண்டனர். ஏறத்தாழ 2,500 பேர் காயமுற்றனர். ஐந்து தொழிற்சாலைகளில் ஒன்றிலேனும் தொழிற்சங்கம் இருக்கவில்லை. வேண்டாம், இக்கட்டடத்தில் நுழையோம் என்று ஒன்றாகச் சொல்ல அவர்களுக்கு ஓர் அமைப்பு இல்லாமற் போயிற்று.

அடுத்த மூன்று வாரங்களுக்குள், மே 15 அன்று, பன்னாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் வங்காள தேசச் சங்கங்களும் ஆடை நிறுவனங்களைப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றிற்கு உடன்படச் செய்தன. காலப்போக்கில் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் கையொப்பமிட்டன. 1,600 அளவிலான ஆலைகளும் ஏறத்தாழ 20 இலட்சம் தொழிலாளரும் அதன் பாதுகாப்பின்கீழ் வந்தனர்.

இவ்வொப்பந்தம் பழைய விதிகளினின்று வேறுபட்டது. இது சட்டப்படி கட்டுப்படுத்துவது. நிருவாகக் குழுவில் நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் சம இடம். பொறியாளர் அறிக்கைகள் யாவரும் காண வெளியிடப்பட்டன. திருத்தம் செய்ய மறுக்கும் ஆலைக்கு ஆர்டர் நிறுத்தப்படும். திருத்தத்திற்குப் பணம் கிடைக்க வழி செய்யும் கடமை வாங்கும் நிறுவனத்தைச் சேர்ந்தது. ஆபத்தான கட்டடத்தில் நுழைய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. வாக்குத் தவறிய நிறுவனத்தை நடுவர் தீர்ப்புக்கு இழுக்கலாம். தொழிற்சங்கங்கள் அவ்வாறே தொடுத்த வழக்கொன்றில், ஒரு பெரு நிறுவனம் 2018 சனவரியில் 23 இலட்சம் டாலர் தர இசைந்தது.

முதற்சுற்று ஆய்வில் மட்டும் 80,000-க்கும் மேற்பட்ட குறைகள் கண்டறியப்பட்டன. வெளியேறும் வழியில் பூட்டத்தக்க கதவுகள் இருந்தமை அவற்றுள் ஒன்று. 1911இல் நியூயார்க்கில் உயிர் குடித்த அதே பூட்டு, நூறாண்டு கழித்தும் டாக்காவில் தொங்கிற்று. ஒப்பந்தத்தின் பயனாக ஆயிரக்கணக்கான பூட்டுகள் அகன்றன. படிக்கட்டுகளுக்குத் தீத்தடுப்புக் கதவுகள் வந்தன. 2021இல் அது பன்னாட்டு ஒப்பந்தமாகப் புதுப்பிக்கப்பட்டுப் பின்னர்ப் பாகிஸ்தானுக்கும் விரிவடைந்தது.

எனினும் கட்டடத்தைக் காத்த அளவிற்கு அவ்வொப்பந்தம் கூலியைக் காக்கவில்லை. 2023இல் வங்காள தேசத் தொழிலாளர் மாதம் 23,000 டாக்கா குறைந்தபட்ச ஊதியம் கேட்டுப் போராடினர். கிடைத்தது 12,500 டாக்காவே.

நம் மண்ணில்

ஆலைக்குள்ளும் சாதி நுழையும் என்பதை நாம் அறிவோம். பம்பாய் நூற்பாலைகளில் அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டியிருந்ததால், தீட்டு எனக் கூறி, கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் நம்மவரைச் சேர்க்க மறுத்தனர். 1928 வேலைநிறுத்தக் காலத்தில் டாக்டர் அம்பேத்கர் இக்கொடுமையை எடுத்துக்காட்டி உரிமை கோரினார். வைசிராய் நிருவாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் இருந்தபோதுதான், 1946இல், ஆலைத் தொழிலாளியின் வாரவேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது.

அவர் காட்டிய வழியில் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள் அண்மையில் ஓர் அதிகாரம் எழுதினர். 2021 சனவரியில் அங்கோர் ஏற்றுமதி ஆடை ஆலையில் பணிபுரிந்த தலித் இளம்பெண் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்டு பெண்களால் நடத்தப்படும் டி.டி.சி.யு. என்னும் தொழிற்சங்கம் நீதி கேட்டு எழுந்தது. ஓராண்டுக்கு மேல் நீண்ட முயற்சியின் விளைவாக 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவாயிற்று. ஆலை நிருவாகமும், எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களும் கட்டுப்பட்டன. தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளரைச் சங்கம் தேர்ந்து பயிற்சி அளித்தது. பாலியல் தொல்லையையும் சாதி இழிவையும் அஞ்சாது முறையிட வழி பிறந்தது. முதலாண்டில் எழுந்த 185 முறையீடுகளில் 182 தீர்த்துவைக்கப்பட்டன.

இளைஞர்களே, இவ்வரலாறு உணர்த்துவது இதுவே. நல்லெண்ணத்தால் வந்த விதி பூட்டைத் திறக்கவில்லை. ஒன்றுபட்டு நின்று பெற்ற கையொப்பமே திறந்தது. ஒப்பந்தத்திற்குக் காலவரையறை உண்டு. காவல் இல்லையேல் அது காகிதமாகிவிடும். கூலிச்சீட்டைப் படித்துக் கணக்குப் பார்க்கவும், முறையீட்டைத் தேதியிட்டு எழுதவும், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு விதியையும் படித்தறிந்து அண்டை வீட்டுத் தங்கைக்கு விளக்கவும் வல்லவர் நம்மிடை மிகுதல் வேண்டும். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஊட்டிவரும் கல்வியின் பயன் தேர்வுச் சான்றிதழோடு நின்றுவிடலாகாது. ஆலை வாயிலிலும் அது துணை நிற்க வேண்டும்.