ஐந்து வைரங்களின் விலை: கைக்கடிகாரத்தில் கல் பதிப்பும் சேகரிப்பாளர் பார்வையும்

2017 மே மாதம் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏல நிறுவனம் ஒரு தங்க ரோலெக்ஸை ஏலம் விட்டது. வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாய் அணிந்திருந்த கைக்கடிகாரம் அது. 50,66,000 சுவிஸ் பிராங்குக்கு விலைபோயிற்று. அதுவரை ஏலத்தில் விற்ற எந்த ரோலெக்ஸும் அந்த விலையைத் தொட்டதில்லை. கறுப்பு முகப்பில் மணிக்குறிகளாக அமைந்த ஐந்து சிறு வைரங்கள்தாம் அதில் உள்ள கற்கள். அவற்றைப் பெயர்த்தெடுத்துத் தனியே விற்றால் கிடைக்கும் தொகை அந்த விலையில் ஒரு துளிகூட ஆகாது. மறுபுறம், நூறு காரட்டுக்கு மேல் வைரம் சுமந்த கடிகாரங்களும் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றை விலை பேசுபவர்கள் முதலில் கல்லைத்தான் எடை போடுகிறார்கள். இரண்டும் வைரம் பதித்தவையே என்றாலும், சேகரிப்பாளர் மனம் ஒன்றில் கல்லின் எடையைக் கடந்துவிட்டது, மற்றொன்றில் கடக்கவில்லை. இந்த வேறுபாடு எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வைரமும் கடிகாரமும் கையில் சேர்ந்தது பழைய கதை. 1571-72 புத்தாண்டுப் பரிசாக லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி, இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்துக்குத் தங்கக் கைவளை ஒன்றை அளித்தார். மாணிக்கமும் வைரமும் இழைத்த அந்த வளையின் பூட்டில் ஒரு கடிகாரம் இருந்ததாக அரண்மனைப் பரிசுப் பட்டியல் சொல்கிறது. அக்காலத்தில் உலகச் சந்தைக்கு வைரம் வந்தது பெரும்பாலும் இந்திய மண்ணிலிருந்துதான் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். 1868இல் பாதேக் பிலிப் நிறுவனம் ஹங்கேரியக் கோமகள் கோஸ்கோவிச்சுக்காகச் செய்த தங்கக் கைவளைக் கடிகாரம் சுவிட்சர்லாந்தின் முதல் கைக்கடிகாரமாகப் பரவலாகக் கருதப்படுகிறது. இவை இரண்டும் முதலில் நகைகள், பிறகே கடிகாரங்கள். ஆண்கள் சட்டைப்பைக் கடிகாரத்தை நம்பியிருந்த காலத்தில் கைக்கடிகாரம் பெண்களின் அணிகலனாகவே பார்க்கப்பட்டது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள் அந்த வழக்கத்தை உடைத்தன. ஆண்களின் கைக்கு வந்த கடிகாரம் கல்லின்றி வந்தது; பெண்களின் கடிகாரம் கல்லோடு தொடர்ந்தது. பிற்காலச் சேகரிப்புச் சந்தையின் பாகுபாடு இந்தப் பிரிவிலேயே வேரூன்றியது என்பது என் கருத்து.

கல்லும் உலோகமும் இயந்திரமும்

தொழில்நுட்ப வரலாற்றில் மூன்று மாற்றங்கள் முக்கியமானவை. 1867இல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கண்டெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கிம்பர்லி சுரங்கங்கள் கல்லின் வரத்தைப் பன்மடங்காக்கின. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்த்தியே முதலான பாரிஸ் நகைக்காரர்கள் பிளாட்டினத்துக்கு மாறினார்கள். அதற்குமுன் வைரத்தை வெள்ளியில் பதித்து, பின்புறம் தங்கம் கொடுப்பார்கள். வெள்ளி கறுக்கும், வலுவும் குறைவு என்பதால் கல்லைப் பிடிக்கத் தடித்த உலோகம் தேவைப்படும். பிளாட்டினம் கறுக்காது, இழைபோல மெல்லிய பிடிப்பே கல்லைத் தாங்கிவிடும். உலோகம் பின்வாங்க, கல் முன்னுக்கு வந்தது. 1914இல் கார்த்தியே வைரத்தின் நடுவே கறுப்பு ஓனிக்ஸ் கற்களைச் சிறுத்தைப் புள்ளிகளாகப் பரப்பிச் செய்த பெண்கள் கைக்கடிகாரத்தை இந்த மாற்றத்தின் முதிர்ந்த பலன் எனலாம்.

மூன்றாவது மாற்றம் இயந்திரத்துக்குள் நிகழ்ந்தது. அதைக் கூடுதலாக விளக்க வேண்டும், ஏனெனில் நகையைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. ஜேகர்-லெகூல்த்ர் பட்டறை 1929இல் உருவாக்கிய 101 என்ற இயந்திரம் 14 மில்லிமீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமும் கொண்டது. எடை ஏறக்குறைய ஒரு கிராம். சாவி கொடுக்கும் திருகைப் பக்கவாட்டிலிருந்து பின்புறத்துக்குக் கொண்டுபோனார்கள். இதனால் கடிகாரத்தின் விளிம்பு முழுவதும் கல் பதிப்பவர் வசமானது. 1953இல் இரண்டாம் எலிசபெத் தம் முடிசூட்டு விழாவுக்கு அணிந்த வைரக் கைக்கடிகாரத்தில் இருந்தது இந்த இயந்திரம்தான். ஒரு கிராமுக்குள் ஓடும் சக்கரங்களைக் கையால் பொருத்திச் சீர்செய்யும் திறமை, வைரத்தைத் தீட்டும் திறமைக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. ஆயினும் அந்தக் கடிகாரங்களைப் பற்றிய எழுத்துகளில் கல்லுக்குக் கிடைத்த இடம் இயந்திரத்துக்குக் கிடைக்கவில்லை.

பியாஜே நிறுவனம் 1957இல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனே உள்ள 9பி இயந்திரத்தை வெளியிட்டது. அது விட்டுக்கொடுத்த இடத்தில் 1960களில் முகப்பே கல்லானது: மெல்லிய தகடாகச் சீவிய ஜேட், லாபிஸ் போன்ற கற்கள், சுற்றிலும் வைர வரிசை.

1969இல் சீக்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் நிலைமை தலைகீழானது. துல்லியம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970ஐ ஒட்டி 90,000 பேர் அளவில் இருந்த வேலைவாய்ப்பு, 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. நேரம் காட்டுவதால் மட்டும் இனி விலை சொல்ல முடியாது என்ற நெருக்கடியில், வைரம் ஒரு விடையாக வந்தது. ஷோபார் 1976இல் இரண்டு நீலக்கல் கண்ணாடிகளுக்கு நடுவே வைரங்கள் தாமே உருண்டோடும் ‘ஹேப்பி டைமண்ட்ஸ்’ கடிகாரத்தைச் செய்தது. வாஷ்ரோன் கான்ஸ்டன்டின் 1979இல் வெளியிட்ட ‘கல்லிஸ்டா’ இன்னும் பெரிய பதில். ஓவியர் ரேமோன் மொரெத்தி வடிவமைத்த அதை ஒரு கிலோ தங்கக் கட்டியிலிருந்து செதுக்கி, மரகத வெட்டில் தீட்டிய 118 வைரங்களைப் பதித்தார்கள். மொத்தம் 130 காரட். உழைப்பு 6,000 மணி நேரம். ஒரே சீராக நிறம் பொருந்தும் பெரிய கற்களை 118 எண்ணிக்கையில் தேடிச் சேர்ப்பதே ஒரு தனி வேலை. இதே பாதையில்தான் 2014இல் கிராஃப் நிறுவனத்தின் 110 காரட் வண்ண வைரங்கள் கொண்ட ‘ஹல்லூசினேஷன்’ வந்தது, அதற்கு 5.5 கோடி டாலர் விலை குறித்தார்கள். அங்கே நேரம் காட்டும் முகப்பு கற்களுக்கு இடையே ஒரு சிறு புள்ளியாகிவிட்டது.

சேகரிப்பாளர் எதைத் தேடுகிறார்?

கல் வாங்குபவர் கேட்பது எடை, நிறம், தெளிவு, வெட்டு. சேகரிப்பாளர் முதலில் கேட்பது வேறு: இந்தக் கல்லை இங்கே பதித்தது யார், எப்போது? தயாரிப்பு நிறுவனமே பட்டறையில் பதித்ததா, விற்றபின் வெளியில் யாரோ பதித்ததா என்பதே விலையின் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது. வெளியில் கல் பதிக்கும்போது, கல்லுக்கென வடிவமைக்கப்படாத பொன்னைக் குடைகிறார்கள். கூடு மெலிகிறது, நீர் புகாத் தன்மைக்கு உத்தரவாதம் போகிறது, அப்படி மாற்றிய கடிகாரத்தைப் பழுதுபார்க்கத் தயாரிப்பாளர் மறுப்பதும் உண்டு. அமெரிக்க நகரங்களின் ஹிப்-ஹாப் உலகில் இவ்வாறு முழுக்கக் கல்லால் மூடிய கடிகாரம், உழைத்து ஏறி வந்ததன் அறிவிப்பாக மதிக்கப்படுகிறது. அணிபவருக்கு அதில் உண்மையான பொருள் இருக்கிறது. ஆனால் ஏலக்கூடத்தின் அளவுகோல் அதை ஏற்பதில்லை.

பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் இந்த வேறுபாடு தெரியும். பட்டறைப் பதிப்பில் கற்கள் ஒரே மட்டத்தில் நிற்கும். கல்லைப் பிடிக்கும் உலோக மணிகள் சம உருண்டையாக இருக்கும். பின்புறத் துளைகளும் முன்புறம்போலவே சீராக முடிக்கப்பட்டிருக்கும். வெளிப்பதிப்பில் அவசரம் எங்காவது ஓரிடத்தில் எட்டிப்பார்க்கும். கண்ணுக்கு அடுத்தது காகிதம். மாதிரி எண், கூட்டின் எண், இயந்திரத்தின் எண் ஆகியவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். பாதேக் பிலிப் போன்ற நிறுவனங்கள் தம் பழைய பேரேடுகளிலிருந்து பதிவின் நகலைத் தருகின்றன. செய்த ஆண்டும் விற்ற நாளும் அதில் இருக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தர் பொறுமையாக எழுதி வைத்த ஒரு வரி இன்று ஒரு காரட் வைரத்தைவிட அதிக விலை பெறுவதை இந்தத் துறையில் காண்கிறோம்.

பாவோ தாயின் ரோலெக்ஸுக்கு இந்தச் சான்றுகள் எல்லாம் பொருந்தி வந்தன. 6062 என்ற அந்த மாதிரி 1950இல் வந்தது. நாள், கிழமை, மாதம் காட்டுவதோடு பிறைநிலவும் காட்டும். கறுப்பு முகப்பில் வைரக் குறிகளோடு அறியப்பட்டவை மூன்றே. அவற்றுள்ளும் இரட்டைப்படை மணிகளில் வைரம் அமைந்தது இது ஒன்றுதான். ஆறாம் மணியின் இடத்தை நிலவு எடுத்துக்கொண்டதால் கற்கள் ஐந்து. 1954இல் இந்தோசீனாவின் எதிர்காலத்தைப் பேசிய ஜெனீவா மாநாடு நடந்த காலத்தில் அந்நகரிலேயே பாவோ தாய் இதை வாங்கினார். அடுத்த ஆண்டே ஆட்சிப் பொறுப்பை இழந்தார். 2002இல் அவர் குடும்பத்தார் ஏலத்தில் விற்றபோது கிடைத்தது 3,42,000 பிராங்க். பதினைந்து ஆண்டுகளில் விலை ஏறக்குறைய பதினைந்து மடங்கானது. அந்த ஐந்து வைரங்கள் வளரவும் இல்லை, தூய்மை கூடவும் இல்லை. அவற்றைப் பற்றிச் சான்றோடு சொல்ல முடிந்த செய்திக்குத்தான் விலை ஏறியது.

இந்த அளவுகோலில் ஒரு பெரிய அநீதி இருக்கிறது. பல ஆண்டுகள் ஏலச் சந்தையை நடத்தியவர்களும் அதைப் பற்றி எழுதியவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் தேடியவை ஆண்களின் கடிகாரங்கள், அதிலும் பந்தயமும் ஆழ்கடலும் தொடர்புடைய எஃகுக் கடிகாரங்கள். 101 இயந்திரம் ஓடும் பெண்கள் கடிகாரங்களை நகைப் பிரிவில் சேர்த்தார்கள். கல்லைக் கணக்கிட்டார்கள், இயந்திரத்தைத் திறந்து பார்க்கவில்லை. பல கடிகாரங்கள் கல்லுக்காகவே உடைக்கப்பட்டிருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. அண்மை ஆண்டுகளில் பழைய பியாஜே, கார்த்தியே நகைக் கடிகாரங்களை வடிவமைப்புக்காகவே தேடி வாங்கும் புதிய தலைமுறை உருவாகியிருப்பது மகிழ்ச்சி தருகிறது.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் இப்போது இத்துறைக்குள் நுழைந்துவிட்டது. டாக் ஹாயர் 2022இல் காட்டிய ‘காரேரா பிளாஸ்மா’ கடிகாரத்தில் திருகே வைரமாக வளர்க்கப்பட்டிருந்தது. சுரங்கக் கல்லில் எளிதில் கிடைக்காத வடிவங்கள் இனிச் சாத்தியம். பாதேக்கும் ரோலெக்ஸும் இயற்கைக் கல்லையே தெரிந்தெடுத்துப் பதிக்கின்றன. ஆய்வகக் கல்லின் விலை இறங்கிக்கொண்டே போகும்போது, கல்லை மட்டும் நம்பி விலை சொன்ன கடிகாரங்கள்தாம் முதலில் தடுமாறும். பட்டறையின் பெயரும் பேரேட்டின் வரியும் உடையவை அந்த இறக்கத்தில் அவ்வளவாகப் பாதிக்கப்பட மாட்டா.