புத்தகத்தில் ஏறிய இன்ஜின்

போன மாசம் சென்னையிலிருந்து வந்திருந்த சொந்தக்காரப் பையன் எங்க ஜீப்பைச் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தான்.

"மாமா, இது எந்த வருச மாடல்?"

"1968 ப்பா."

"இன்ஜின் ஒரிஜினலா?"

"இல்ல, மெட்டடார் வேன் இன்ஜின்."

அவன் முகம் சுருங்கிப் போச்சு. "அப்ப இது வின்டேஜ் கணக்குல வராதே மாமா. ரோட்டுல ஓட்ட எப்படி விட்டாங்க?"

நல்ல கேள்வி. 2023ல் அதே கேள்வியைத்தான் பிரேக் இன்ஸ்பெக்டரும் என்கிட்ட கேட்டார். அதற்கான பதில் எங்க மாமனார் 1991ல் செய்துவச்ச ஒரு காரியத்தில் இருக்கு. அதைச் சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதையும் சொல்லணும்.

பழைய சினிமாவில் போலீஸ் வரும், ஜமீன்தார் வருவார், பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருக்குமே, அந்த ஜீப்தான் இது. அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி இரண்டாம் உலகப்போருக்காகச் செய்த வண்டியின் வாரிசு. 1940களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் இதைப் பூட்டி விற்க ஆரம்பிச்சது. எங்களிடம் இருப்பது சிஜே 3பி மாடல். அமெரிக்காவில் 1953ல் வந்தது. இதன் பானெட் மற்ற ஜீப்பைவிட உயரமா இருக்கும். அழகுக்காக இல்லை. அதில் வச்ச புது பெட்ரோல் இன்ஜின் பழசைவிட உயரம், அதனால் பானெட்டைத் தூக்க வேண்டியதாப் போச்சு. இன்ஜினுக்காக உடம்பை மாத்தினது கம்பெனியேதான் முதலில். இதை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்.

எங்க ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே பார்த்தா மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, இந்த மூணு வழியிலும் விடியக்காலையில் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறும், பொழுது சாய இறங்கும். எங்க மாமனார் 1976ல் ஒரு தோட்டக்காரரிடமிருந்து இந்த ஜீப்பை செகண்ட் ஹேண்டா வாங்கினார். உழவுக்குப் போகாத நாளில் வண்டி மலைக்குப் போகும். ஒளிக்காமச் சொல்றேன், அது வெள்ளை போர்டு வண்டி, கூலிக்கு ஆள் ஏத்தக் கூடாது. எல்லாரும் ஏத்தினாங்க, அவரும் ஏத்தினார்.

பெட்ரோல் ஜீப் மலை ஏறும்போது எண்ணெயைக் குடிக்கும். 1973ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினப்போ கச்சா எண்ணெய் விலை நாலு மடங்காச்சு. அதிலிருந்தே பெட்ரோல் வண்டி வச்சிருந்தவன் பாடு திண்டாட்டம். டீசலுக்கு மட்டும் அரசாங்கம் விலையைத் தாங்கிப் பிடிச்சது. பஸ், லாரி, பம்புசெட் எல்லாம் அதில்தானே ஓடுது. அதனால ஊர் ஊரா லேத் பட்டறைகளில் ஒரு புதுத் தொழில் பிறந்தது: பெட்ரோல் இன்ஜினை இறக்கிட்டு டீசல் இன்ஜினை ஏத்துறது. அம்பாசடரில் ஏத்தினாங்க, பிளசர்னு நாம சொன்ன பெரிய அமெரிக்கக் காரில் ஏத்தினாங்க, ஜீப்பிலும் ஏத்தினாங்க. கம்பெனியே அந்தச் சமயத்தில் டீசல் ஜீப் விற்றது. புதுசு வாங்க யாரிடம் காசு?

1990ல் குவைத் சண்டை வந்து பெட்ரோல் விலை மறுபடி ஏறினதும் மாமனார் முடிவு பண்ணிட்டார். 1991ல் கம்பத்தில் ஒரு பாய் பட்டறையில் வண்டியை விட்டார். எனக்கு அப்போ கல்யாணம் முடிஞ்ச புதுசு, இருபத்திமூணு வயசு. தினமும் சைக்கிளில் போய்ப் பார்ப்பேன். விபத்தில் மாட்டின மெட்டடார் வேனிலிருந்து எடுத்த இன்ஜின். அதை ஜீப் கியர்பாக்ஸோடு சேர்க்க நடுவில் ஒரு தடித்த இரும்புத் தகடு வேணும். பாய் அதை லேத்தில் கடைஞ்சார். துளை ஒரு நூல் தள்ளினாலும் கிளட்ச் நிக்காது, கியர்பாக்ஸ் கத்தும். இன்ஜின் கனம் கூடுச்சு, அதனால முன்பக்க பட்டைக்கு ஒரு இலை சேர்த்தார். ரேடியேட்டர் பெருசாச்சு. சேஸிஸை மட்டும் தொடவே இல்லை. "அது வண்டிக்கு முதுகெலும்பு மாப்ள, அதுல வெட்டு விழுந்தா வண்டி வேற" என்பார்.

இனி சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வண்டிக்கு நம்ம நாட்டில் 1914ல் ஒரு சட்டம், 1939ல் ஒரு சட்டம், அப்புறம் 1988ல் இப்ப இருக்கிற சட்டம். இது 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் 52வது பிரிவு வண்டியை மாத்துறதைப் பத்தினது. அப்போ அது சொன்னது இதுதான்: ஆர்.சி.யில் இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியில் எதையும் செய்யணும்னா முதலில் எழுதிக் கேள், ஒப்புதல் வாங்கு, பிறகு செய். கேட்டு ஏழு நாளைக்குள் பதில் வரலைன்னா ஒப்புதல் கிடைச்ச மாதிரிதான்னும் அதிலேயே எழுதியிருந்தது.

மாமனார் எழுதிக் கொடுத்தார். ஏழு நாள் ஆச்சு, பதில் இல்லை. பட்டறையில் எல்லாரும் சொன்னாங்க, "அண்ணே, சட்டமே உங்க பக்கம், எடுத்து ஓட்டுங்க." மாமனார் ஒத்துக்கலை. "பதில் வராதது பதிலாகுமாடா? நாளைக்கு வேற ஆபீசர் வருவான், அவன்கிட்ட எதைக் காட்டுவேன்? எனக்குப் புத்தகத்துல ஏறணும்." மூணு தடவை பஸ் ஏறி ஆபீசுக்குப் போனார். மூணாவது தடவை நானும் கூடப் போனேன். வண்டியைப் பார்த்தாங்க, பிரேக் பிடிச்சுப் பார்த்தாங்க, புது இன்ஜின் நம்பரைத் தகட்டின் மேல் காகிதம் வச்சு பென்சிலால் தேய்ச்சு எடுத்தாங்க. ஆர்.சி. புக்கில் சிவப்பு மசியில் எழுதி, எரிபொருள் டீசல்னு போட்டு, சீல் வச்சுக் கொடுத்தாங்க. மாமனார் அன்னிக்கு எனக்கு வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக் கொடுத்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாற்றம் அப்படி நடக்கலை. 1998ல் மச்சான் வண்டியை எடுத்து ஓட்டினார். பின்பாடியை ரெண்டடி இழுத்து இன்னொரு பெஞ்ச் போட்டார். அதை எழுதிக் கேட்டா தரமாட்டாங்கன்னு அவருக்கும் தெரியும், அதனால கேட்கவே இல்லை. போல்ட்டில் மாட்டின பாடி அது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது கழட்டி மாட்டுக் கொட்டத்தில் வச்சிருவார், வந்து மறுபடி மாட்டிக்குவார். 2003ல் ஒரு மழைநாள் மெட்டுப் பாதை வளைவில் வண்டி பின்னாடி சரிஞ்சது. கனமெல்லாம் பின்னால் தொங்கினா முன்சக்கரம் மண்ணைப் பிடிக்காது. ஒரு அக்காவுக்குக் கை முறிஞ்சது. பாறை ஒண்ணு தடுத்ததால அதோட போச்சு. அந்தக் கை கடைசிவரை நேரா வரலை. இப்பவும் சந்தையில் பார்த்தா அவங்க சிரிச்சுப் பேசுவாங்க, எனக்குத்தான் கண்ணைப் பார்க்க முடியாது.

சட்டம் அதற்குள் மாறியிருந்தது. 2000ல் 52வது பிரிவைத் திருத்திட்டாங்க. ஆர்.சி.யில் இருக்கிற விவரம், கம்பெனி முதலில் சொன்ன விவரத்துக்கு மாறா இருக்கிற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது என்றாச்சு. கேஸ், பேட்டரி மாதிரி வேற எரிபொருளுக்கு அங்கீகாரம் உள்ள கிட் போட்டு மாறலாம், அதுக்குத் தனி நிபந்தனை. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாச் சொல்லிருச்சு. நிறம் மாத்தலாம், சின்னச் சாமான் மாட்டலாம், வண்டியின் அமைப்பைக் கம்பெனிக்கு மாறா ஆக்கக் கூடாது. அதே வருசம் திருத்தச் சட்டத்தில் தண்டனையும் வந்தது: ஆறு மாசம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒண்ணுக்கு 5,000 ரூபாய், அல்லது ரெண்டும்.

2021 ஜூலையில் பழைய வண்டிகளுக்குன்னு தனி விதி வந்தப்போ நான் சந்தோசப்பட்டேன். 50 வருசம் தாண்டின வண்டிக்கு 'விஏ' என்று எழுத்து வர்ற தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருசம் செல்லும். ஆனா படிச்சுப் பார்த்தா, சேஸிஸ், பாடி, இன்ஜின் இதில் பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாதாம். கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்க்க, எண்ணெய் போட என்று இதற்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கணுமாம். வாழைத்தார் ஏத்தக் கூடாது. எங்க வண்டி ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கிச்சு. பழம்பொருள்னு சொல்ல முடியாது, இன்ஜின் வேற. சாதா வண்டின்னும் சொல்ல முடியாது, கம்பெனி விவரத்துக்கு மாறு. இன்ஜினை மாத்தாம இருந்திருந்தா 1995லேயே பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்போம். மாத்தினதாலதான் அது உயிரோடிருக்கு, மாத்தினதாலயே அதுக்கு இடமில்லை.

2023ல் புதுப்பிக்கப் போனேன். 2018 வரை புத்தகத்தைப் பார்த்து முடிச்சுக் கொடுத்தாங்க. இப்போ எல்லாம் கம்ப்யூட்டர். பழைய பதிவேட்டை யாரோ ஏத்தும்போது 1968ஆம் வருசத்து முதல் பக்கத்தை மட்டும் பார்த்து ஏத்தியிருக்காங்க. கம்ப்யூட்டரில் பெட்ரோல், பழைய இன்ஜின் நம்பர். கண் முன்னால நிக்கிறது டீசல்.

சின்ன வயசு இன்ஸ்பெக்டர். மரியாதையாத்தான் பேசினார். "ஐயா, 2000க்கு அப்புறம் இதை யாராலயும் அனுமதிக்க முடியாது. மாத்தினது எப்போன்னு ஆதாரம் இருந்தாத்தான் நான் எழுத முடியும்."

ஆர்.சி. புக்கை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். சிவப்பு மசி மங்கியிருந்தது, சீல் தெரிஞ்சது, தேதி 1991. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பழைய பதிவேட்டில் தேடச் சொன்னார். பன்னெண்டு நாள் ஆச்சு. அந்த நாளெல்லாம் எனக்குத் தூக்கம் சரியா இல்லை. பதிவேட்டில் இல்லைன்னா வண்டி எடைக்குத்தான் போகும். பதிமூணாம் நாள் போன் வந்தது. இருக்கு. அதே நம்பர், அதே தேதி.

அன்னிக்குச் சாயங்காலமே அந்த ரெண்டடிப் பாடியைக் கேஸ் வெல்டிங் வச்சு வெட்டித் துண்டாக்கிட்டேன். மச்சானுக்கு வருத்தம். "கழட்டி வச்சாப் போதுமே மாப்ள." போதாது. கழட்டி வச்சது மறுபடி ஏறும். மறுவாரம் வண்டியைக் காட்டி, புகைச் சோதனை முடிச்சு, 5,000 ரூபாய் கட்டி, அஞ்சு வருசத்துக்கு வாங்கிட்டு வந்தேன். 2022 ஏப்ரலுக்கு முன்னால அந்தக் கட்டணம் 600.

இங்கிலாந்தில் ஒரு கணக்கு வச்சிருந்ததா மகன் படிச்சுச் சொன்னான். மாத்தின வண்டி பழைய நம்பரைத் தக்கவைக்க மார்க் போடுவாங்களாம். சேஸிஸுக்கு 5, பட்டைக்கு 2, ஆக்சிலுக்கு 2, கியர்பாக்ஸுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, இன்ஜினுக்கு வெறும் 1. பதினாலில் எட்டு வாங்கணும், சேஸிஸ் அசலா இருக்கணும். எங்க வண்டிக்குப் பட்டையும் இன்ஜினும் போனாக்கூட பதினொண்ணு வருது. முதுகெலும்புதான் வண்டின்னு கம்பத்து பாய் சொன்னது அங்கேயும் தெரிஞ்சிருக்கு.

அதுக்காக நம்ம சட்டம் தப்புன்னு நான் சொல்ல வரலை. அந்த அக்காவின் கையைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஒரே வண்டியில் ரெண்டு மாற்றம் நடந்தது. ஒண்ணை நாலு பேர் பார்த்து, பிரேக் பிடிச்சு, பேர் போட்டு எழுதினாங்க. அது 30 வருசத்துக்கு மேலா ஓடுது. இன்னொண்ணை யாரிடமும் காட்டாம ராத்திரியில் மாட்டினோம். அது ஒரு கையை வாங்கிச்சு. காட்ட வழியிருந்தா மனுசன் காட்டுவான். வழியே இல்லைன்னா கொட்டத்தில்தான் ஒளிச்சு வைப்பான். அந்த ஏழு நாள் விதி மாதிரி இல்லாம, நல்லாப் பார்த்துச் சோதிச்சு எழுதிக் கொடுக்கிற ஒரு வாசல் இருந்தா நல்லது.

மாமனார் 2009ல் போயிட்டார். அவர் விட்டுப்போனது ஒண்ணரை ஏக்கர், ஒரு கிணறு, இந்த ஜீப். பட்டணத்தில் உங்க வீட்டிலும் அப்பாவோட பழைய வண்டி எங்காவது மூடிக் கிடக்கலாம். வண்டியைத் துடைக்கிறதுக்கு முன்னால பீரோவில் அதன் புத்தகத்தைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்க.