ஹுஸ்ஸர்ல் – ஃபிங்க் கூட்டுப்பணி

நிகழ்வியலைத் தோற்றுவித்த எட்மண்ட் ஹுஸ்ஸர்லும் (1859–1938) அவருடைய உதவியாளர் ஓய்கன் ஃபிங்க்கும் (1905–1975) ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் 1928 தொடங்கிப் பத்தாண்டுகள் சேர்ந்து நடத்திய தத்துவப் பணி.

ஹுஸ்ஸர்ல் எழுதியபடியே சிந்திப்பவர். காபெல்ஸ்பெர்கர் முறைச் சுருக்கெழுத்தில் அவர் நிரப்பிய தாள்கள் கடைசியில் 40,000 பக்கங்களை எட்டின. அவற்றைப் பெயர்த்தெழுதி, ஒழுங்குபடுத்தி, நூலாக்கும் பொறுப்பு உதவியாளருடையது. 1916இல் அப்பொறுப்பேற்ற எடித் ஸ்டைன், தாம் செப்பனிட்டுத் தந்த படிகளை ஆசிரியர் திரும்பிப் பார்க்காததால் மனம் சலித்து 1918இல் விலகினார். அவர் செப்பனிட்டுக் கொடுத்த, ஹுஸ்ஸர்லின் காலவுணர்வு விரிவுரைகள் 1928இல் தத்துவவாதி ஹைடெகரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தன. ஸ்டைனுக்குக் கிடைத்தது முன்னுரையில் ஒரு சிறு குறிப்பு மட்டுமே.

ஃபிங்க்கின் நிலை வேறு. நாள்தோறும் நடைப்பயிற்சியில் இருவரும் விவாதித்தார்கள். ஹுஸ்ஸர்ல் 1929இல் பாரிஸில் ஆற்றிய உரைகளிலிருந்து விரிந்த ‘கார்ட்டீசியத் தியானங்கள்’ பிரெஞ்சில் 1931இல் வெளியானது. ஜெர்மன் வடிவம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. திருத்தும் வேலை ஃபிங்க்கிடம் வந்தது. திருத்தியதோடு நில்லாமல், 1932இல் ஆறாவது தியானம் ஒன்றைத் தாமே எழுதினார். உலகம் நம் உணர்வில் எப்படிப் பொருள்பெறுகிறது என்று ஆராய்பவர், தம் ஆராய்ச்சியையே எப்படி ஆராய்வது என்பது அதன் கேள்வி. உலகுக்குப் பொருள் தரும் ‘நான்’ வேறு, அதைப் பார்த்திருக்கும் ‘நான்’ வேறு என்று ஃபிங்க் அழுத்திப் பிரித்தார். ஹுஸ்ஸர்ல் கையெழுத்துப்படியை வரிவரியாகப் படித்து ஓரங்களில் குறிப்பெழுதினார். அந்தப் பிரிவினை மிகைப்பட்டது என்று கருதினார். எழுபதைக் கடந்த ஆசான் இருபத்தேழு வயது உதவியாளரோடு சரிசமமாக வாதிட்ட அந்த ஓரக்குறிப்புகளே இக்கூட்டுப்பணியின் உயரிய சான்று.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். யூதராகப் பிறந்த ஹுஸ்ஸர்லைப் பல்கலைக்கழகம் ஒதுக்கியது. பல்கலைக்கழகப் பதவிக்கான வாய்ப்பை இழந்தும் ஃபிங்க் அவரைப் பிரியவில்லை. அவ்வாண்டு ‘கான்ட்-ஸ்டூடியன்’ இதழில் ஃபிங்க் எழுதிய நீண்ட கட்டுரைக்கு ஹுஸ்ஸர்ல் முன்னுரை தந்து, அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் தம் கருத்தாகவே ஏற்றார்.

ஹுஸ்ஸர்ல் மறைந்தபின், ஃபான் பிரெடா என்ற பிரான்சிஸ்கன் துறவி கையெழுத்துப்படிகளை பெல்ஜியத்தின் லூவன் நகருக்குக் கடத்திக் காப்பாற்றினார். 1939இல் ஃபிங்க்கும், முன்னாள் உதவியாளர் லுட்விக் லாண்ட்கிரேபவும் அங்கே சென்று பெயர்த்தெழுதும் வேலையைத் தொடர்ந்தனர். 1940 மே மாதம் ஜெர்மன் படையெடுப்பு அதை நிறுத்தியது. போருக்குப்பின், 1946இல், ஆறாவது தியானத்தைச் சமர்ப்பித்தே ஃப்ரைபுர்க்கில் ஃபிங்க் விரிவுரையாளர் தகுதி பெற்றார். பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போன்ட்டி முதலானோர் கையெழுத்துப்படியாகவே படித்திருந்த அந்நூல் 1988இல்தான் அச்சேறியது.