குரங்கு மலேரியா: பல காலம் வேறு பெயரில் எழுதப்பட்ட காய்ச்சல்

2018ஆம் ஆண்டில் மலேசியாவுக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு கொண்டுசெல்லும் மலேரியா உள்நாட்டில் பரவியதாக அவ்வாண்டில் ஒரு சம்பவம்கூடப் பதிவாகவில்லை. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களில் லயம் லயமாக உயிர்களைக் குடித்த நோய் அது.

ஆனால் அதே 2018இல் நாட்டில் 4,000க்கும் அதிகமானோருக்கு மலேரியா கண்டது. அது குரங்கின் உடலில் வாழ்ந்து, கொசு வழியாக மனிதனுக்குத் தாவும் வேறு வகை மலேரியா. அதன் ஒட்டுண்ணிக்குப் பிளாஸ்மோடியம் நோலசி என்று பெயர். சபாவிலும் சரவாக்கிலும்தான் பாதிப்பு அதிகம், தீபகற்பத்திலும் உண்டு. நோயாளிகளில் பெரும்பாலோர் காட்டிலும் காட்டை ஒட்டிய தோட்டங்களிலும் வேலை செய்யும் ஆண்கள்.

இந்த ஒட்டுண்ணி நேற்று வந்ததன்று. வெகுகாலமாக இங்கேயே இருந்தது. பரிசோதனைக் கூடங்களின் பதிவேட்டில் மட்டும் வேறு பெயரில் எழுதப்பட்டு வந்தது. அதன் உண்மைப் பெயர் தெரியவந்த விதம், காய்ச்சலோடு கிளினிக் வாசலில் காத்திருக்கும் எவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

கண்ணாடித் தகட்டில் ஒரு துளி

மலேரியாவைக் கண்டறியும் பழைய முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிம்சா என்னும் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். சிவப்பணுக்களுக்குள் ஒட்டுண்ணி தெரிந்தால் மலேரியா உறுதி. அடுத்து அதன் வடிவத்தைப் பார்த்து எந்த வகை என்று முடிவு செய்வார்கள். மனிதருக்கு மலேரியா தரும் வகைகளாக நெடுங்காலம் நான்கே கணக்கில் இருந்தன: ஃபால்சிபாரம், வைவாக்ஸ், மலேரியே, ஓவலே.

நோலசியின் வடிவம் இந்தக் கணக்கைக் குழப்பியது. இளம் பருவத்தில் அது மோதிரம் போல இருக்கும். பார்ப்பதற்கு ஃபால்சிபாரம் போலத் தோன்றும். வளர்ந்த பிறகு சிவப்பணுவின் குறுக்கே பட்டை கட்டியது போலாகிவிடும். அப்போது மலேரியே வகைதான் என்று தோன்றும். கைதேர்ந்த ஆய்வுக்கூடப் பணியாளருக்கும் கண்ணால் மட்டும் பார்த்து இவற்றைப் பிரிப்பது கடினம்.

பெயர் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மலேரியே வகை நிதானமானது. இரத்தத்தில் ஒரு சுற்றுப் பெருகுவதற்கு அது 72 மணி நேரம் எடுத்துக்கொள்ளும்; உயிருக்கு ஆபத்து வருவது அரிது. நோலசிக்கு 24 மணி நேரம் போதும். ஒவ்வொரு நாளும் ஒரு தலைமுறை பெருகும். இன்று இலேசான காய்ச்சலாகத் தெரிவது, சில நாட்களில் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கக்கூடும். தகட்டைப் பார்த்து "மலேரியே" என்று எழுதினால், மருத்துவர் அவசரமில்லாத நோய் என்று எண்ணிவிட இடமுண்டு.

காப்பிட்டில் எழுந்த சந்தேகம்

சரவாக்கின் ரஜாங் ஆற்றங்கரையில் உள்ள ஊர் காப்பிட். அங்குள்ள மருத்துவமனையில் மலேரியே வகை என்று எழுதப்பட்ட நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருந்தார்கள். அந்த வகைக்குரிய நிதானமும் அவர்களின் நோயில் தென்படவில்லை. இரத்தத்தில் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கையும் கூடுதலாக இருந்தது. மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பல்பிர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் ஆகியோரின் குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்தது.

அவர்கள் கையாண்டது பிசிஆர் முறை. கோவிட் காலத்தில் எல்லாருக்கும் பழக்கமான பெயர்தான். கிருமியின் மரபணுவில் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் தேடிப் பிடித்து, கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கிக் காட்டும் முறை இது. தேடும் பகுதி இரத்தத்தில் இல்லையென்றால் எதுவும் பெருகாது. காப்பிட் நோயாளிகளின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருப்பதைச் சோதனை காட்டியது. ஆனால் மலேரியே வகைக்கான சோதனையில் எதுவுமே பெருகவில்லை. எட்டுப் பேரின் மாதிரிகளில் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தபோது, அது குரங்குகளிடம் காணப்படும் நோலசியோடு பொருந்தியது.

பின்னர் நோலசிக்கென்றே ஒரு சோதனையை உருவாக்கினார்கள். 2000 மார்ச் முதல் 2002 நவம்பர் வரை காப்பிட்டில் மலேரியாவுக்குச் சிகிச்சை பெற்ற 208 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், 120 பேரிடம் நோலசி இருந்தது. நூற்றுக்கு 58 பேர். இந்த முடிவு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. 1996ஆம் ஆண்டிலேயே எடுத்து வைத்திருந்த பழைய இரத்தத் தகடுகளைச் சுரண்டிச் சோதித்தபோது, அவற்றிலும் நோலசி கிடைத்தது.

2008இல் அதே குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பான செய்தியைச் சொன்னது. சரவாக்கில் இறந்த நான்கு பேருக்கு நுண்ணோக்கிச் சோதனையில் மலேரியே வகை என்று எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அவர்கள் உடலில் இருந்தது நோலசி.

முதல் தடயம் கிடைத்த இடம் பகாங். 1965இல் அங்குள்ள காட்டில் பணியாற்றிவிட்டு நாடு திரும்பிய ஓர் அமெரிக்கருக்கு மலேரியா கண்டது. அப்போதும் முதலில் வேறு வகை என்றே கருதினார்கள். அவரது இரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்த பிறகே நோலசி என்று உறுதியானது. ஆனால் அதை அரிதிலும் அரிதான சம்பவமாக எண்ணி விட்டுவிட்டார்கள்.

குரங்கும் கொசுவும் தோட்டமும்

நோலசியைச் சுமக்கும் குரங்குகள் நமக்குப் புதியவையல்ல. ஒன்று, சாலையோரத்தில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் நீண்டவால் குரங்கு. மலாய்க்காரர்கள் கெரா என்பார்கள். மற்றொன்று, தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக். குரங்கைத் தொடுவதால் இந்த நோய் வராது. குரங்கைக் கடித்த அனோபிலிஸ் கொசு மனிதனையும் கடித்தால்தான் வரும். அந்தக் கொசுக்கள் காட்டிலும் காட்டோரத்திலும் வாழ்பவை. பொழுது சாயும் வேளையிலும் இரவிலும் வெளியிடங்களில் கடிப்பவை. அதனால் படுக்கையில் கொசுவலை கட்டிக்கொள்வது மட்டும் போதாது.

காட்டை வெட்டித் தோட்டம் போடும்போது குரங்கும் கொசுவும் மனிதனும் ஒரே எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். காடு அழிக்கப்பட்ட பகுதிகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் நோலசி பாதிப்பு அதிகம் என்று சபாவில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

தோட்டப்புறத்தின் மற்றக் காய்ச்சல்கள்

தோட்டத்துக் காய்ச்சலுக்கு ஒரே பெயர் சூட்டிவிடக் கூடாது என்ற பாடம் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள், தைஃபஸ் என்று பொதுவாக அழைக்கப்பட்ட காய்ச்சலில் இரண்டு வகை இருப்பதை இரத்தச் சோதனையால் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று நகரத்துக் கடைகளில் இருந்தவர்களுக்கு வந்தது. மற்றொன்று லாலான் புல்லிலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்களுக்கு வந்தது. இந்த இரண்டாவது வகை, உண்ணியைப் போன்ற மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் பரவும் பாக்டீரியா நோய். கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு தோன்றலாம். அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற இடங்களில் அது கண்ணில் படாமல் போவதுண்டு.

எலியின் சிறுநீர் கலந்த நீர், சேறு வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸும் இப்படித்தான். தொடக்கத்தில் அது டிங்கியைப் போலவே இருக்கும்: காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி. மலேசியாவில் 2010 முதல் இது சுகாதார அமைச்சுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். இதற்கான எதிர்ப்பொருள் சோதனையை முதல் இரண்டு மூன்று நாட்களில் செய்தால் "இல்லை" என்று வரலாம். உடல் எதிர்ப்பொருளை உருவாக்கச் சுமார் ஒரு வாரம் ஆகும். அதனால்தான் மருத்துவர்கள் சில நாள் கழித்து மறுபடி இரத்தம் கேட்கிறார்கள். அதை அலைக்கழிப்பாக எண்ணி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

கிளினிக்கில் சொல்ல வேண்டியவை

டிங்கி, மலேரியா, எலிக் காய்ச்சல், தைஃபஸ் எல்லாம் முதல் நாளில் ஒன்று போலவே தோன்றும். எந்தச் சோதனை செய்வது என்பதை மருத்துவர் நோயாளியின் பேச்சிலிருந்துதான் முடிவு செய்கிறார். "காய்ச்சல்" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினால், டிங்கிச் சோதனையோடு விஷயம் முடிந்துவிடலாம்.

எனவே கடந்த ஒரு மாதத்தில் காட்டுக்கோ காட்டோரத் தோட்டத்துக்கோ போனீர்களா, சபா சரவாக்கில் வேலை செய்தீர்களா, மீன் பிடிக்கவோ முகாமிடவோ ஆற்றோரம் தங்கினீர்களா, வெள்ளநீரிலோ சாக்கடையிலோ இறங்கினீர்களா என்பதைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். கொசு கடித்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்தும் நோலசிக் காய்ச்சல் தொடங்கலாம். அதற்குள் காட்டுக்குப் போனது மறந்துபோயிருக்கும்.

மலேரியாவுக்கான உடனடிச் சோதனை அட்டைகள், நோலசி குறைவாக இருக்கும்போது அதைத் தவறவிடக்கூடும். ஒருமுறை "இல்லை" என்று வந்தும் காய்ச்சல் விடவில்லையென்றால், இரத்தத் தகட்டுச் சோதனையை மறுபடியும் செய்யச் சொல்லிக் கேட்கலாம். வயிற்று வலி, மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல் ஆகியவை இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் நோலசியைக் குணப்படுத்தும் மருந்து இருக்கிறது. வைவாக்ஸைப் போல அது கல்லீரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வருவதில்லை. ஆனால் நாளுக்கு ஒருமுறை பெருகும் ஒட்டுண்ணி என்பதால், முதல் நாளிலேயே சரியான பெயர் தெரிவது முக்கியம்.